அத்தைக்கு முன்னால் ஒரு நாற்காலி

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே,

நீங்கள் வந்து சேர்ந்த வாரம் நினைவிருக்கிறதா? முடிந்து வந்த மடக்கு நாற்காலி ஒன்றை நடுவே விரித்துவைத்து, மேஸ்திரி உங்களில் ஒருவரைக் கூப்பிட்டு, "அத்தை வந்திருக்காங்க, உக்காருப்பா" என்றார். கூப்பிடப்பட்டவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் ஓர் ஆடு மட்டும் நின்றது. பட்டறையே சிரித்தது. பிறகு அவரை நாற்காலியின் நுனியில் ஒட்டவைத்து, கையைக் கட்டச் சொல்லி, முதுகு பின்னால் படக்கூடாது என்று அதட்டி, அப்படியே ஒரு வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம் வைத்திருந்தார். "சரியான கிறுக்குப் பட்டறை" என்று யாரோ முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது.

கிறுக்குதான். ஆனால் அந்தக் கிறுக்கு எப்படி வந்தது என்பதை மேஸ்திரி உங்களுக்குச் சொல்லமாட்டார். நான் அடுத்த மாதம் சேலத்தில் பிள்ளைகளுக்குச் சித்திரவேலை கற்றுக்கொடுக்கப் போகிறேன். போவதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன் என்று அவரிடமே கேட்டேன். "எழுதிக்கோ. ஆனா நான் வுழுந்தத மட்டும் கொஞ்சம் கொறச்சு எழுது" என்றார். குறைக்க முடியுமா என்று நீங்களே படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

பட்டறையை விட்டுப் போகிறவன் உபதேசம் செய்தால் நரைத்த தலை இருக்க வேண்டும். எனக்கு அது இல்லை. இருந்தாலும், யுத்தத்துக்கு முந்தைய தர்மபுரியை நினைத்தால் நான் கிழவனாகிவிட்டது போலத்தான் தோன்றுகிறது. மொரப்பூரிலிருந்து சின்ன ரயில் புகைவிட்டுக்கொண்டு வரும். ஏற்றத்தில் அது திணறும்போது இறங்கிக் கூடவே நடந்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். யுத்தத்தில் அதன் தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பட்டறை வாசலில் புளியமரம் இருந்தது. இழைத்த சுருள்கள் காற்றில் தெருவரை ஓடும். வாகைமரச் சுருளுக்கு ஒரு வாசனை உண்டு, மழைக்கு முந்தைய மண்போல. இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எனக்கு வயது இருபது.

நான் இங்கே வேலைக்கு வந்ததே ஒரு சண்டையில்தான். பள்ளிக்கூடத்துப் படிப்பு முடிந்து, மேலே படிக்க வசதியில்லாமல், கையில் பென்சிலை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிய காலம். ஒரு கூட்டத்தில் வாடகை நாற்காலி ஒன்று என் விரலைக் கடித்துவிட்டது. நகம் கறுத்துப்போயிற்று. நான் அந்த நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு நேராக இந்தப் பட்டறைக்கு வந்து, முதலாளி முன்னால் போட்டு, கரித்துண்டு எடுத்துத் தரையில் கீறிக் காட்டினேன். "கீல் இங்கே இருந்தால் கடிக்குமா? இதைக்கூட யோசிக்காமல் செய்வார்களா?"

முதலாளி வாயிலிருந்த பாக்கை ஒதுக்கினார். "வாயி நல்லாத்தான் இருக்குது. கையி எப்பிடின்னு பாப்பம். நாளைக்கு வா."

அப்போது நம்மிடம் இருந்தவை வேங்கைமரச் சட்டமும் இரும்புப் பட்டையும் வைத்த பழைய நாற்காலிகள். கல்யாணம், கூட்டம், அதிகாரிகள் முகாம் எல்லாவற்றுக்கும் அவைதான் வண்டியேறிப் போகும். மாரண்டஹள்ளி வண்டிக்காரர் ஒருவர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர், ஏற்றும்போதெல்லாம் திட்டுவார். "இது குர்ச்சியா, கோயில் தேரா? என் எருது ரெண்டும் என்னக் கேள்வி கேக்குது." பத்து நாற்காலி அடுக்கினால் வண்டி நிறைந்துவிடும்.

ஆகவே நான் வரைந்த நாற்காலி எடை இல்லாமல், மடக்கினால் ஒரு பலகைபோல் சப்பையாக ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தேன். அதற்காக முன்கால்களின் அடியைப் பின்னால் இழுத்துக் குறுக்கினேன். தொடை சுகமாகத் தங்க வேண்டும் என்று உட்காரும் பலகையை முன்னால் நீட்டினேன். விரலைக் கடிக்காத கீல். சாய்ந்தால் முதுகுக்கு ஏற்ற வளைவு. மேஸ்திரி என் படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, "பொம்மைக்குச் செஞ்சியா, மனுசனுக்கா?" என்றார். ஆனால் அவர் கண் மின்னியதைப் பார்த்தேன். மறுநாளே வாகைமரத்தைப் பிளக்க ஆரம்பித்துவிட்டார்.

மேஸ்திரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடக்கம் என்பது அவர் கேள்விப்படாத ஊர். தன் வேலையைத் தானே தட்டிக்கொடுத்துக்கொள்வார். "யானைய உக்கார வையி. எறங்கமாட்டன்னு அடம்புடிக்கும்" என்பார். முதல் நாற்காலி முடிந்ததும் அதில் கால்மேல் கால் போட்டு, ஜமீன்தார்போலச் சாய்ந்து, "டேய், யார்ரா அங்க, விசிறி கொண்டா" என்று கூவினார். நாங்கள் அதன்மேல் ராகி மூட்டையை ஏற்றினோம். இரண்டு பேர் ஏறி நின்றோம். குதித்தோம். கிரீச்சென்றுகூட ஒரு சத்தம் இல்லை. மடக்கி அடுக்கினால் பழைய நாற்காலி இருக்கும் இடத்தில் இரண்டரை மடங்கு ஏறியது. மாரண்டஹள்ளிக்காரர் எருதுகளிடம் போய், "இனிமே நீங்க ராஜா" என்று சொன்னார்.

முதலாளி மட்டும் அவசரப்படவில்லை. அதிகாரிகள் ஊர்க்கணக்குப் பார்க்கும் ஜமாபந்தி முகாமுக்கு நாற்காலி கேட்டுத் தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வந்திருந்தது. "மொதல்ல ஒரு வூட்டு விசேசத்துக்குப் போயிட்டு வரட்டும். அப்புறம் வாக்கு குடுக்கலாம்" என்றார்.

அந்த விசேஷம் மேஸ்திரி வீட்டிலேயே வந்தது. அவர் மகள் செல்லத்துக்குப் பொம்மிடியில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். வண்டிப்பட்டறை வைத்திருக்கும் குடும்பம், நல்ல பையன். அதற்கு முன் வந்த இரண்டு இடங்களும் ஏதேதோ சொல்லித் தட்டிப்போயிருந்தன. செல்லத்தின் அம்மா அந்த வருஷம் வேண்டாத கோயில் இல்லை. இந்த முறை எல்லாம் பேசி முடித்து, வெற்றிலை பாக்கு மாற்றுவது மட்டும்தான் பாக்கி.

இந்த மாதிரி விசேஷத்துக்கு நம்மூரில் ஜமக்காளம் விரிப்பதுதான் வழக்கம். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. "எம் பொண்ணு நிச்சயத்துக்கு வர்றவங்க தரையில உக்கார்றதா? நான் எதுக்கு உளி புடிச்சன்?" புது நாற்காலிகள் அத்தனையும் அவர் வீட்டுப் பந்தலுக்குப் போயின. நான்தான் வரிசை பிடித்து விரித்தேன். முதலாளியும் வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டார், நாற்காலிகளைப் பார்க்கத்தான்.

காலை வண்டியில் பொம்மிடிக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பெரிய மீசைக்காரர், அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்து அவருடைய அக்கா பேசினார். மாப்பிள்ளைக்கு அத்தை. வந்ததும் நாற்காலியைக் கையால் அமுக்கிப் பார்த்து, "கட்டைய இம்மாம் சன்னமா சீவியிருக்குது. தாங்குமா?" என்றார்.

"யானையே உக்காரலாங்க" என்றார் மேஸ்திரி.

"அப்ப எனக்குச் செஞ்சதுதான்" என்று அத்தை உட்கார்ந்தார். பந்தல் சிரித்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். சாய்ந்தார்கள். ஒரு தாத்தா காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். அதற்கும் நாற்காலி அசையவில்லை. "சொகமா இருக்குதுப்பா" என்று யாரோ சொன்னபோது நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் மெல்லத் தலையசைத்தார். அந்த ஒரு தலையசைப்புக்கு நான் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசுகள் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவேன்.

மேஸ்திரி மட்டும் தாம்பாளத்தோடு நின்றுகொண்டே இருந்தார்.

"நீங்களும் உக்காருங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"இருக்கட்டுங்க."

"அட உக்காருங்க. நின்னுக்கிட்டே வெத்தல மாத்துவாங்களா?"

மேஸ்திரி உட்கார்ந்தார். தம்பிகளே, அந்த மனிதர் பட்டறையில் உட்கார்ந்தது எப்படி என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கால், அந்தச் சாய்வு, அந்தக் கூவல், எதுவும் இல்லை. பெண்ணைப் பெற்றவராக, சம்பந்தி முன்னால், பலகையின் நுனியில் ஒரு காகம் உட்காருகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டு, தாம்பாளத்தை மடியில் பிடித்துக்கொண்டு, முதுகை முன்னால் வளைத்து உட்கார்ந்தார்.

நாற்காலியின் பின்கால்கள் இரண்டும் தரையைவிட்டு எழும்பின. மேஸ்திரி முன்னால் சறுக்கினார். தாம்பாளம் பறந்தது. தேங்காய் உருண்டு அத்தையின் காலடியில் போய் நின்றது. குங்குமம் தரையெல்லாம் சிதறியது. நாற்காலி 'டப்'பென்று தானே மடங்கி, ஒன்றும் அறியாத பூனைபோல அவர் முதுகுக்குப் பின்னால் படுத்துக்கொண்டது.

யாரும் சிரிக்கவில்லை. விழுந்தவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அத்தைதான் முதலில் பேசினார். கோபமாகக்கூட இல்லை; பயந்துபோய். "பொண்ணப் பெத்தவரு தட்டோட வுழுந்துட்டாரு. இதுக்கு மேல சாமி வாயத் தொறந்தா சொல்லும்? எந்திரிப்பா தம்பி, போலாம்."

மீசைக்காரர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். எழுந்திருக்கவில்லை, ஆனால் கை நாற்காலியின் சட்டத்தில் ஊன்றிவிட்டது. உள்ளே கதவோரத்தில் செல்லத்தின் முகம் தெரிந்தது. மூன்றாவது இடம்.

அப்போது இரண்டு காரியங்கள் நடந்தன, இரண்டும் தப்பாக. முதலாளி போய் விழுந்த நாற்காலியை எடுத்து, விரித்து, ஆட்டிப் பார்த்து, நிம்மதியோடு, "நாற்காலிக்கு ஒண்ணும் ஆவல" என்றார். தரையில் உட்கார்ந்திருந்த மேஸ்திரியோ, முழங்கை சிராய்ப்பைத் துடைத்துக்கொண்டே, "நாற்காலி மேல தப்பே இல்லீங்க. நாந்தான் பதட்டத்துல வுழுந்துட்டன்" என்றார். அந்த நிலையிலும் அவர் தன் வேலையை விட்டுக்கொடுக்கவில்லை.

"கேட்டியா?" என்றார் அத்தை தம்பியிடம். "நாற்காலி நல்லாத்தான் இருக்குதாம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாற்காலி நல்லதாக இருக்கும்வரைக்கும் சகுனம் கெட்டதாகத்தான் இருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். ஓரமாக முதலாளி நிற்கிறார், ஜமாபந்தி நிற்கிறது, நான் தூங்காமல் வரைந்த படம் நிற்கிறது. அந்தக் கணத்தில் ரொம்ப யோசித்தேன் என்று பெருமையடிக்க மாட்டேன். ஆனால் நாற்காலியை நாளைக்கும் செய்யலாம் என்பது மட்டும் தெரிந்தது.

"நாற்காலி தப்புங்க" என்றேன்.

மேஸ்திரி என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். "வாய மூட்றா."

"நாந்தாங்க வரைஞ்சது. முன்கால உள்ள இழுத்துட்டன். நுனியில யாரு உக்காந்தாலும் தள்ளிடும்."

அத்தை இடுப்பில் கைவைத்தார். "நாங்க இத்தினி பேரு உக்காந்திருக்கமே. எங்கள ஏன் தள்ளல?"

"நீங்க மாப்பிள்ள வூட்டுக்காரங்க. சாஞ்சு உக்காந்திருக்கீங்க."

வாயைவிட்டு வந்த பிறகுதான் அது எவ்வளவு துடுக்கான பேச்சு என்று தெரிந்தது. பந்தலில் யாரோ தும்முவதுபோல் சிரிப்பை அடக்கினார்கள். இனிப் பேசிப் பயனில்லை என்று, காலியாக இருந்த வேறொரு நாற்காலியை இழுத்துப்போட்டேன். மேஸ்திரி உட்கார்ந்ததுபோலவே நுனியில் உட்கார்ந்து, கையைக் கட்டி, குனிந்தேன். விழுந்தேன். நாற்காலி 'டப்'பென்று மடங்கியது. எழுந்து இன்னொன்றை இழுத்தேன். அதிலும் விழுந்தேன். இந்த முறை மூக்கில் அடி.

"பொய்யா வுழுறான்" என்றார் அத்தை.

"இரு, அக்கா" என்றார் மீசைக்காரர். வந்ததிலிருந்து அவர் அக்காவை மறித்துப் பேசியது அதுதான் முதல்முறை. வண்டிச்சக்கரம் செய்கிற கை அல்லவா. தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் திருப்பிப்போட்டு, முன்கால் எங்கே ஊன்றுகிறது, பலகை எவ்வளவு தூரம் நீள்கிறது என்று விரலால் அளந்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கி, நுனியில் உட்கார்ந்தார். பின்கால்கள் எழும்பின. நான் தாங்கிக்கொண்டேன்.

"அட, ஆமா" என்றார். "அக்கா, இது நம்மளயும் தள்ளுது."

அவர் அந்த நாற்காலியைத் தானே மடக்கிச் சுவரில் சாத்தினார். "ஜமக்காளம் இருக்குதுங்களா சம்பந்தி?"

சம்பந்தி! அந்த ஒரு சொல்லைக் கேட்டு உள்ளே செல்லத்தின் அம்மா ஓவென்று அழுத சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. எல்லாரும் தரையில் உட்கார்ந்து வெற்றிலை மாற்றினார்கள். அத்தை உருண்டுவந்த தேங்காயைத் தானே எடுத்துத் துடைத்துத் தாம்பாளத்தில் வைத்தார். கிளம்பும்போது மட்டும், "கண்ணாலத்துக்கு இந்தக் கழுதைங்கள வாசப்படி ஏத்தாதீங்க" என்றார்.

மேஸ்திரிக்கு அது பொறுக்கவில்லை. "கண்ணாலத்துக்கும் நாற்காலிதான் வரும். வுழுந்தா என்னக் கேளுங்க" என்றார். முழங்கையில் ரத்தம் காயவில்லை, மனிதர் சவால் விட்டுவிட்டார்.

என்னிடம் அவர் பேசவில்லை. பல நாள் பேசவில்லை. கல்யாணம் தட்டிப்போகாததில் அவருக்குச் சந்தோஷம்தான். நான்தான் காரணம் என்பதும் தெரியும். "எல்லாஞ் சரி. ஆனா நாலு பேரு முன்னால எங் கைவேலைய தப்புன்னுட்டான்" என்று பட்டறைச் சுவரிடம் சொல்வார். நான் இழைக்கும்போது என் பக்கம் சுருளைத் தள்ளிவிடுவார்.

முதலாளி ஜமாபந்திக்குப் பழைய நாற்காலிகளையே அனுப்பிவிட்டு, என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"நேராவே ஒண்ணு கேக்கறன். அங்கயும் அதிகாரிங்க சாஞ்சுதான் உக்காருவாங்க. ஒண்ணும் ஆயிருக்காது. ஆனா அதிகாரி ஒரு நாளைக்கு நல்ல மனசோட, ஊர்க்கணக்கு காட்ட வந்த ஒரு மணியகாரர உக்காருன்னு சொன்னா?"

"விழுந்திருப்பார்."

"அதிகாரி முன்னால வுழுந்தவன் அந்த ஊருல எப்பிடி நிமுந்து நடப்பான்? போ. மாத்து."

மாற்றுவது எளிது; மனசு வருவதுதான் கடினம். முன்காலை முன்னால் தள்ள வேண்டும். தள்ளினால் நாற்காலி பலகைபோல் சப்பையாக மடங்காது. ஒரு புடைப்பு நிற்கும். வண்டியில் ஏறும் எண்ணிக்கை குறையும். நான் பெருமைப்பட்ட அத்தனையும் அந்தச் சப்பையில்தான் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொள்ள வழி தேடி ஏதேதோ வரைந்தேன். கொக்கி போட்டேன், பலகையைக் குறைத்தேன், மரத்தை மாற்றினேன். கடைசியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு முன்காலைத் தள்ளினேன். மேஸ்திரி வந்து படத்தைப் பார்த்தார். "இப்பத்தான் மனுசனுக்குச் செஞ்ச மாதிரி இருக்குது" என்றார். அதுதான் சமாதானம்.

அடுத்த சங்கடம் சோதனை. நுனியில் உட்கார்ந்து பாருங்கள் என்றால் பட்டறையில் ஒருவருக்கும் சரியாக வரவில்லை. உட்கார்வோம்; ஆனால் கால் தரையில் பாதி பாரம் வாங்கிக்கொள்ளும், உடம்பு தயாராக இருக்கும். பயத்தோடு உட்கார்வது வேறு, பயந்ததுபோல் உட்கார்வது வேறு. வேலை நகரவில்லை. அப்போது முதலாளிதான், ஓரத்திலிருந்து, "மேஸ்திரி, அந்த அத்தை எதுக்க நிக்கிறாங்கன்னு நெனச்சுக்கிட்டு உக்காருங்க" என்றார்.

மேஸ்திரியின் முகம் மாறியது. தோள் சுருங்கியது. கை தானாகக் கட்டிக்கொண்டது. உட்கார்ந்தார். நாங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிய, அவர் மட்டும் அசையாமல், "சிரிக்காதீங்கடா, பின்காலப் பாருங்க, பின்காலப் பாருங்க" என்று கத்தினார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த அத்தை.

கல்யாணம் தை மாதம். சொன்ன சொல் தவறாமல் மேஸ்திரி நாற்காலிகளைக் கொண்டுவந்து இறக்கினார். முன்னைவிடக் கனம், முன்னைவிடப் புடைப்பு. மாரண்டஹள்ளிக்காரர் இரண்டு நடை அடித்து, வழியெல்லாம் என்னைக் கன்னடத்தில் திட்டினார். அத்தை இறங்கியதும் நாற்காலிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் மூக்கைப் பார்த்தார். நேராகப் போய் ஜமக்காளத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தாலி கட்டி முடிந்ததும் மீசைக்காரர் மேஸ்திரியைக் கைப்பிடித்து அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். "இனிமே நாம ஒண்ணு. நல்லா சாஞ்சு உக்காருங்க சம்பந்தி."

நான் சொல்லவந்தது இதுதான் தம்பிகளே. சாய்ந்து உட்காரச் சொன்னவர் மனசாரச் சொன்னார். உலகத்தில் எல்லாரும் இப்படிச் சொல்லிவிட்டால், எல்லாரும் சாய்ந்துவிட்டால், என் முதல் நாற்காலியே போதும். அதைவிட அழகாக ஒன்றை நான் இன்றுவரை வரையவில்லை. ஆனால் நாம் நாற்காலி செய்வது இருக்கிற மனிதர்களுக்கு. உங்கள் மரத்தில் உட்காரப் போகிறவர் பட்டறையில் உங்களோடு சிரித்தவர் அல்ல. எங்கோ, யாருக்கோ முன்னால், கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவர். அவரை நீங்கள் பார்க்கப்போவதில்லை. அதனால்தான் அத்தையைக் கூப்பிட்டுக்கொள்கிறோம்.

"இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க" என்றார் மேஸ்திரி.

நாதஸ்வரம் ஓங்கி ஒலித்தது. எல்லாரும் மணமக்கள்மேல் அட்சதை போட்டுக்கொண்டிருந்தார்கள். செல்லம் தலைகுனிந்து சிரித்ததை ஊரே பார்த்திருக்கும். நான் பார்க்கவில்லை. பந்தல் ஓரத்தில் குனிந்து நின்று, நாற்காலியின் பின்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரி நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். கால்கள் எழும்பவில்லை.